படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் செய்முறை: முதலில் எதை வாங்குவது, எதைச் செய்வது?

படுவான்கரை ரீச்சர்

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு உயிரியல் படிப்பிக்க வந்திருக்கிறேன். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான், ஆனால் அக்கறையோடு வருகிறார்கள்.

ஆய்வுகூடம் என்று ஓர் அறை உண்டு. இரண்டு நுணுக்குக்காட்டிகள். ஒன்று நன்றாக இருக்கிறது. மற்றதில் எதை வைத்தாலும் மங்கல். உற்றுப் பார்த்தால் மெல்லிய நூல்கள் கிளைவிட்டுப் படர்ந்த மாதிரித் தெரிகிறது. ஸ்லைட் ஒரு பெட்டி, அயடீன், பெனடிக்ற் கரைசல், ஸ்பிரிட் விளக்கு. அடைகாப்புப் பெட்டி இல்லை, நீராவி அமுக்கத்தில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவ் இல்லை, நல்ல தராசும் இல்லை.

பழைய மாணவர்கள் கொஞ்சக் காசு சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். "அந்தக் காசுக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கி வீடியோ காட்டினால் போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை முதலில் வாங்குவது? இருப்பதை வைத்து எந்தச் செய்முறைகளை ஒழுங்காகச் செய்யலாம்?

கல்லடிப் பெடியன்

ரீச்சர், நான் உயர்தரம் இரண்டாம் தரம் எடுக்கப் படிக்கிறவன். உள்ளதைச் சொல்கிறேன். செய்முறைக்கு என்று தனிச் சோதனை கிடையாது. முதல் தாளில் 50 பல்தேர்வு, இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். செய்முறை பற்றிக் கேட்டாலும் எழுத்தில்தான் கேட்பார்கள். பாடத்திட்டமோ பெரிது. ஒரு நல்ல வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படிமுறை மனதில் பதிந்துவிடும். புரொஜெக்டர் மற்றப் பாடங்களுக்கும் உதவும். காசு குறைந்த இடத்தில் அதுதான் நியாயமான செலவு.

பழைய லாப்காரர்

தம்பி, நீர் சோதனையைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் வீடியோவில் என்ன இருக்கும்? யாரோ தேடிப் பிடித்த மிக நல்ல இடம் மட்டும் இருக்கும். தேடுகிற வேலை அதில் இருக்காது. நுணுக்குக்காட்டி வேலையில் பாதி அந்தத் தேடல்தான்.

நான் ஆய்வுகூடத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். கிழக்கில் மலேரியா இருந்த காலத்தில் இரத்தப் படலம் பார்ப்பதே எங்கள் பெரிய வேலை. ஒரே ஸ்லைட்டில் தடித்த படலம் ஒன்று, மெல்லிய படலம் ஒன்று. மெல்லியதை மெதனோலில் பதியவைப்போம். தடித்ததை அப்படிச் செய்யக் கூடாது. அதில் சிவப்புக் கலங்கள் உடைந்து கரைந்தால்தான் ஒட்டுண்ணி மட்டும் எஞ்சித் தெரியும். பிறகு கீம்சா சாயம், எண்ணெய் விட்டு 100 மடங்கு வில்லை. குறைந்தது 100 பார்வைப்புலம் பார்த்த பிறகுதான் "இல்லை" என்று எழுதலாம். 2016ல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்ததே, அதற்குப் பின்னால் இப்படிக் கண் வலிக்கப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "இல்லை" என்று நம்பி எழுதுவதற்குக் கண் பழக வேண்டும். அதைத் திரை பழக்காது.

மகள், உங்கள் மங்கலான கருவியைப் பற்றி இரவு எழுதுகிறேன். அதைக் கழித்துவிட வேண்டாம்.

வாவிக்கரை

நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்துக்குச் செய்முறை எடுக்க உதவுகிறவள். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிறைய வீடியோ பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குப் பாகங்களின் பெயர் எல்லாம் தெரியும். ஆனால் 40 மடங்கு வில்லையைத் திருப்பிவிட்டு, கண்ணைப் பார்வைத்துண்டில் வைத்தபடியே வேகமாக நகர்த்தும் பருங்குமிழைத் திருகுவார்கள். "டிக்" என்று ஒரு சத்தம். கவர் ஸ்லிப் போய்விடும்.

முதலில் குறைந்த வில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வில்லையையும் ஸ்லைட்டையும் கிட்டக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் கண்ணை வைத்து, இரண்டையும் விலக்குகிற திசையில் திருகிக் குவிக்க வேண்டும். 40க்குப் போன பிறகு நுண்குமிழைத் தவிர வேறொன்றையும் தொடக் கூடாது. எழுதினால் நாலு வரி. கைக்கு வர ஒரு தவணையாவது பிடிக்கும்.

ரீச்சர், முதலாவதாக றியோ இலையில் கலத்தின் நீரழுத்தம் காணும் செய்முறையைச் செய்யுங்கள். அது பாடத்திட்டத்தில் இருக்கிறது, செலவும் இல்லை. றியோ முற்றத்துச் செடி, யார் வீட்டிலும் கிடைக்கும். கடைச் சீனி நல்ல வெள்ளையாக இருந்தால் அதுவே சுக்குரோசு. 34.2 கிராம் சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, பிறகு 100 மில்லிலீற்றர் வரை நிரப்பினால் ஒரு மூலர் கரைசல். கவனிக்க: 100 மில்லிலீற்றர் தண்ணீருக்குள் சீனியைக் கொட்டுவது வேறு. அப்படிச் செய்தால் மொத்தம் ஏறக்குறைய 121 மில்லிலீற்றராகும், செறிவு 0.83 மூலருக்குக் கிட்ட இறங்கிவிடும். இந்த ஒன்றை ஒருமுறை அளந்து காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அதிலிருந்து 0.15, 0.20, 0.25 என்று 0.40 வரை ஐதாக்குங்கள். 0.30க்கு 6 மில்லிலீற்றர் கரைசலும் 14 மில்லிலீற்றர் தண்ணீரும். இலையின் கீழ்ப்பக்கத்து ஊதா மேற்றோலை உரித்துச் சிறு துண்டுகளாக ஒவ்வொன்றிலும் போட்டு, ஆவியாகாமல் மூடி, 20 நிமிடம் விடுங்கள். பிறகு அதே கரைசலின் ஒரு துளியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டால் சுருங்கிய கலம் திரும்ப விரிந்துவிடும், கணக்குப் பிழைக்கும்.

செறிவு கூடிய கரைசலில் ஊதா நிறம் கலச்சுவரின் மூலைகளை விட்டு மெல்ல விலகி உருண்டு வரும். இடையில் விடுபட்ட இடம் நிறமில்லாமல் தெரியும். கலங்களை எண்ணி, எத்தனை வீதம் இப்படிச் சுருங்கி முதலுருச்சுருக்கம் அடைந்தன என்று வரைபு போட்டு, 50 வீதத்துக்கு நேரே உள்ள செறிவை எடுங்கள். அந்த நிலையில் அமுக்க அழுத்தம் பூச்சியம், ஆகவே கலத்தின் நீரழுத்தமும் கரைய அழுத்தமும் ஒன்று. இதே கேள்வி தாளில் வரும்போது பிள்ளை தான் எண்ணிய கலங்களை நினைத்து எழுதும்.

பழைய லாப்காரர்

மங்கல் கருவிக்கு வருகிறேன். நூல்மாதிரித் தெரிவது பங்கசு. எங்கள் பகுதியில் கார்த்திகை, மார்கழி மழைக்குள் பெட்டியில் பூட்டிவைத்த வில்லைகளுக்கெல்லாம் இது வரும். ஈரமும் இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் போதும், கண்ணாடியில் ஒட்டிய தூசியிலும் கைரேகை எண்ணெயிலும் அது வளரும்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விளக்கைப் போட்டு, ஸ்லைட் இல்லாமல் பார்த்தபடி பார்வைத்துண்டைக் கையால் சுழற்றுங்கள். நூலும் சேர்ந்து சுழன்றால் அது பார்வைத்துண்டில். அசையாமல் நின்றால் வேறு வில்லைக்குத் திருப்புங்கள். அப்போது மறைந்தால் முதலில் இருந்த வில்லையில். எதற்கும் மாறாவிட்டால் ஒளியைக் குவிக்கும் கொண்டென்சரையோ கீழே விளக்குக் கண்ணாடியையோ பார்க்க வேண்டும்.

வெளிப்பக்கத்தில் என்றால் முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, வில்லைத் தாளில் கொஞ்சம் அற்ககோல் நனைத்து நடுவில் இருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். சேலைத் தலைப்பு, கைக்குட்டை, சாதாரண ரிஷு எதுவும் வேண்டாம், கீறிவிடும். பொருள்வில்லையைக் கழற்றிப் பிரிக்கவே கூடாது. உள்ளே என்றால் திருத்துகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். கனகாலம் விட்டிருந்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருக்கும், அது திரும்பாது.

பிறகு வைக்கும் முறை. இறுக மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

சம்மாந்துறை நுண்ணுயிர்

ரீச்சர், பற்றீரியாவை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமூட்டலை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் எருமைச் சட்டித் தயிர் இருக்கும்போது பற்றீரியாவைத் தேடி எங்கும் போக வேண்டாம்.

எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், தயிரைத் தடித்துப் பூசினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து ஒன்றும் தெரியாது. ஆடையை விலக்கி, தயிரில் ஊறி நிற்கும் தெளிந்த நீரில் ஒரு துளி எடுங்கள். மெல்லியதாகப் பரப்பி, காற்றில் உலரவிட்டு, சுவாலைக்கு மேலாக இரண்டு மூன்று தரம் விரைவாகக் கொண்டுபோங்கள். விரலின் பின்பக்கத்தில் வைத்தால் சுடுகிறதே தவிரத் தாங்கமுடியும் என்ற அளவுதான்.

பளிங்கு ஊதா ஒரு நிமிடம், கழுவல். அயடீன் ஒரு நிமிடம், கழுவல். அற்ககோல் 10 முதல் 20 செக்கன், உடனே கழுவல். சஃப்ரனின் ஒரு நிமிடம், கழுவல். இதில் எல்லாம் தங்கியிருப்பது அற்ககோல் கட்டத்தில்தான். கூட நேரம் விட்டால் ஊதாவாக இருக்க வேண்டியவையும் நிறம் இழந்து இளஞ்சிவப்பாகிவிடும். ஸ்லைட்டைச் சரித்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓரத்தில் வடியும் துளி நிறமில்லாமல் ஆனதும் நிறுத்துங்கள்.

தயிரில் நீட்டுக் கோல்களும், வரிசையாகக் கோத்த சிறு கோளங்களும் ஊதாவாகத் தெரியும். இரண்டும் ஊதாவைப் பிடித்துவைக்கும் கிராம் நேர் வகை. இடையிடையே பெரிதாக முட்டை வடிவில் மதுவம் (ஈஸ்ட்) தெரிந்தால் பிள்ளைகளுக்கு அளவு வித்தியாசமும் விளங்கும். டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் 1884ல் வெளியிட்ட முறை இது, இன்றுவரை ஆஸ்பத்திரி லாப்புகளில் முதல் வேலை இதுதான்.

அப்புறம், ஏகார் தட்டுகளில் வளர்ப்பும் செய்யலாமே? கை, கதவுப்பிடி, தொலைபேசி என்று ஒற்றியெடுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல ஆர்வம் வரும்.

பழைய லாப்காரர்

தங்கச்சி, தயிர் அருமை. கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கையில் இருந்தும் தொலைபேசியில் இருந்தும் எடுத்தால் என்ன வளர்கிறது என்று யாருக்கும் தெரியாது. நமது உடலில் வாழ்கிற கிருமிகளுக்கு 37 பாகை பிடித்தமானது. குளிர் நாடுகளில் பள்ளிக்கூடத் தட்டுகளை 25 பாகையில் வைப்பது அதைத் தவிர்க்கத்தான். மட்டக்களப்பில் வெயில் காலத்தில் அறைக்குள்ளேயே 30ஐத் தாண்டும். ஒரு கிருமி ஒரு தட்டில் கோடிக்கணக்கில் பெருகி நிற்கும்போது அதைத் திறந்து மணந்து பார்க்க ஒரு பிள்ளை போதும்.

சம்மாந்துறை நுண்ணுயிர்

ஐயா சொல்வது நியாயம். எங்களிடம் கிருமி வெளியே வராமல் தடுக்கும் பாதுகாப்புப் பெட்டகம் இருப்பதால் நான் அப்படி யோசித்துவிட்டேன். உடம்பிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் எடுப்பதைப் பள்ளிக்கூடத்தில் செய்யக் கூடாது. ஆனால் கிருமிநீக்கிய ஊடகம் தயாரிப்பதும் தட்டு ஊற்றுவதும் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலைகள். அப்ப மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்தை வளர்க்கலாமே?

பழைய லாப்காரர்

அது சரி. மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, திறக்காமலே பார்க்கட்டும். வேலை முடிந்ததும் திரும்பவும் அழுத்தத்தில் அவித்த பிறகே எறிய வேண்டும்.

காத்தான்குடி ராத்தா

ரீச்சர் தங்கச்சி, ஏகாருக்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம். நோன்பு காலத்தில் நாங்கள் கடற்பாசி காய்ச்சுகிற அதே ஏகார்தான். கடையில் நிறமும் சுவையும் சேர்த்த தூளை விட்டுவிட்டு, வெறும் வெள்ளை இழையாக வருவதை வாங்குங்கள். நானும் விஞ்ஞானம் படிப்பித்தவள்தான், உருளைக்கிழங்கு ஊடகம் இப்படித்தான் செய்தோம்: 200 கிராம் உருளைக்கிழங்கை அவித்து வடித்த தண்ணீர், 20 கிராம் குளுக்கோசு, 15 கிராம் ஏகார், எல்லாம் சேர்த்து ஒரு லீற்றர். கடை ஏகார் சிலவேளை இளக்கமாக உறையும், அப்போது கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். மதுவமும் பங்கசும் இதில் நன்றாக வரும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். பற்றீரியா ஆராய்ச்சியாளர் றொபேட் கோக்கின் ஆய்வுகூடத்தில் முதலில் ஜெலற்றினில்தான் பற்றீரியா வளர்த்தார்கள். வெயில் நாளில் அது உருகிவிடும், சில பற்றீரியாக்கள் அதைத் தின்று தண்ணீராக்கியும் விடும். அங்கே வேலை செய்தவர் ஒருவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸ, 1881ல் ஏகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த அயலவர் ஒருவரிடம் சமையலுக்காக அவர் கற்றிருந்த பொருள் அது. ஏகார் உருக ஏறக்குறைய 85 பாகை வேண்டும், 40க்குக் கீழே வந்தால்தான் உறையும். நம்முடைய வெயிலுக்கு ஜெலற்றின் ஒரு மணித்தியாலம் நிற்காது. சமையலறையில் இருந்து போன அறிவு இது, எங்கள் பெண்பிள்ளைகள் கேட்க வேண்டியது.

படுவான்கரை ரீச்சர்

ராத்தா, இது எனக்குப் புதுச் செய்தி. வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஓட்டோகிளேவுக்குப் பதிலாகச் சோறு அவிக்கிற பிறஷர் குக்கர் போதுமா?

சம்மாந்துறை நுண்ணுயிர்

போதும் ரீச்சர், ஆனால் எல்லாக் குக்கரும் அல்ல. வேண்டியது 121 பாகையில் 15 நிமிடம். அந்த வெப்பநிலைக்கு வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் வேண்டும். சில குக்கர்கள் அதற்குக் குறைவாகவே பிடிக்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பாரத்தை வைக்க முன்னர் நீராவி சில நிமிடம் நன்றாக வெளியேறட்டும். உள்ளே காற்று தங்கினால் அமுக்கம் காட்டும், வெப்பம் வராது. போத்தல் மூடியைத் தளர்த்தி வையுங்கள். முடிந்ததும் தானாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டு நீராவியை விட்டால் ஊடகம் பொங்கி வழியும்.

கல்லடிப் பெடியன்

இதையெல்லாம் வாசித்த பிறகு ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். நீரழுத்தம் பாடத்தில் "ஏன் அதே கரைசலில் வைக்க வேண்டும்" என்று எந்த வீடியோவிலும் நான் கவனித்ததில்லை. புரொஜெக்டர் பயனுள்ளது என்ற என் கருத்து மாறவில்லை, ஆனால் முதல் காசு அதற்குப் போக வேண்டாம்.

ஒரு கேள்வி. கலத்தின் அளவை மைக்ரோமீற்றரில் கேட்கிறார்கள். அளக்கும் ஸ்லைட் விலை கூடியது. வேறு வழி உண்டா?

வாவிக்கரை

உண்டு தம்பி. பார்வைத்துண்டில் 10 என்பதற்குப் பக்கத்தில் 18 அல்லது 20 என்று இன்னோர் இலக்கம் இருக்கும். அதைப் பொருள்வில்லையின் உருப்பெருக்கத்தால் வகுத்தால் பார்வைப்புலத்தின் விட்டம் மில்லிமீற்றரில் வரும். 18 என்றால் 4 மடங்கு வில்லைக்கு 4.5 மில்லிமீற்றர், 40க்கு 0.45, அதாவது 450 மைக்ரோமீற்றர். ஒளிபுகும் அடிமட்டத்தை 4 மடங்கில் வைத்துப் பார்த்தால் அந்த 4.5 சரிதானா என்று சோதித்துவிடலாம். விட்டத்தில் எத்தனை வெங்காயக் கலம் நெடுக்காக அடங்குகிறது என்று எண்ணி வகுக்க வேண்டியதுதான்.

படுவான்கரை ரீச்சர்

வெங்காயம் என்றதும் ஞாபகம் வருகிறது. வேர்நுனியில் கலம் இரண்டாகப் பிரியும் இழையுருப்பிரிவு காட்ட முடியுமா?

வாவிக்கரை

முடியும். பழைய வேரைச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தொடுகிற மாதிரி ஒரு கிளாசின் வாயில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் வேர் வரும். நுனியை வெட்டி, மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் சேர்ந்த கலவையில் பதியவையுங்கள். பிறகு 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகையில் 5 நிமிடமளவில். அந்த அமிலம் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பொருளைத் தளர்த்துகிறது. அது இல்லாவிட்டால் எவ்வளவு நசித்தாலும் கட்டியாகவே நிற்கும். அமிலத்தை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அமிலம், மாறி ஒருபோதும் இல்லை.

கழுவி, அசற்றோகார்மைன் விட்டால் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் அடர்ந்து சிவக்கும். பிரிகின்ற கலங்கள் அங்கேதான். மிச்சத்தை வெட்டி எறியுங்கள். கவர் ஸ்லிப்பை மூடி, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, ரிஷுவை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேரே கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரளவு வழுக்கினாலும் கலங்கள் சுருண்டுவிடும். நிறமூர்த்தங்கள் 16. பெரும்பாலான கலங்கள் பிரியாமல் சும்மா இருக்கும், அதையும் எண்ணச் சொல்லுங்கள். எந்த அவத்தைக்கு நேரம் கூடப் பிடிக்கிறது என்பது அந்த எண்ணிக்கையில் இருந்துதான் வரும்.

பழைய லாப்காரர்

அப்படியென்றால் வாங்க வேண்டியதை நான் சொல்கிறேன். முதலில் 0.01 கிராம் வரை காட்டும் தராசு. சீனி, ஏகார், சாயம் எல்லாம் அதில்தான் நிற்கிறது. பிறகு வெப்பமானி, அளவுசாடி, குழாயி, வில்லைத் தாள், சிலிக்கா ஜெல், கவர் ஸ்லிப் தாராளமாக. அதன் பிறகு சாயங்கள், சிறு போத்தலாக. பெரிய போத்தல் வாங்கிக் காலாவதியாக விட வேண்டாம். நல்ல குக்கர் ஒன்று. காசு மிஞ்சினால்தான் மூன்றாவது நுணுக்குக்காட்டி, அதற்குள் மங்கல் கருவி எழும்பிவிடும்.

படுவான்கரை ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நூல் பார்வைத்துண்டோடு சேர்ந்து சுழல்கிறது, வில்லைகள் தப்பிவிட்டன. இந்தத் தவணையில் றியோ, வேர்நுனி. அடுத்த தவணையில் தயிர். ஒரு கடைசிக் கேள்வி: 100 மடங்கு வில்லைக்கு எண்ணெய் வேண்டுமே. தேங்காயெண்ணெய் விடலாம் என்று ஒருவர் சொன்னார்.

பழைய லாப்காரர்

விட வேண்டாம் மகள். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் முறிவுச் சுட்டி கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52, அந்த வில்லைக்கான எண்ணெய் 1.515. அதனால்தான் ஸ்லைட்டில் இருந்து வரும் ஒளி வளையாமல் வில்லைக்குள் போகிறது. தேங்காயெண்ணெய் 1.45தான், காற்றைவிட நல்லது என்றாலும் உருவம் கூர்மையாக வராது, வில்லையின் ஓரத்தில் ஊறிப் பிசுக்காகவும் நிற்கும். சிறு போத்தல் எண்ணெய் ஒன்று வாங்குங்கள், ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு துளி, வருடக்கணக்கில் வரும். பார்த்து முடிந்த உடனேயே வில்லைத் தாளால் ஒற்றி எடுங்கள். 40 மடங்கு வில்லை அந்த எண்ணெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விட்ட பிறகு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.